தேவை சிம்மா, போனா?

திருத்தவென்று கடை மேசைக்கு வரும் போன்களோடு கூடவே ஒரு பேச்சும் வரும்: "இண்டைக்கே வேணும், இது இல்லாட்டி ஒண்டும் ஓடாது." எது ஓடாது என்று கேட்டால் பதில் மெல்லத்தான் வரும். வங்கி அனுப்பும் இரகசிய எண், லண்டனிலிருந்து வரும் மகனின் வீடியோ அழைப்பு, பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழு, நெல் வெட்டு மெசின்காரரின் இலக்கம், அவசரத்துக்கு அம்புலன்ஸ். இந்த ஐந்தில் ரச் (தொடுதிரை) போன் இல்லாமல் முடியாதவை வீடியோவும் வாட்ஸ்அப்பும் மட்டுமே. மற்ற மூன்றும் சிம்மின் வேலை. அதைப் பட்டன் போனும் செய்யும். போன் திருத்திப் பிழைப்பவர்கள் இப்படிச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதல்லத்தான். ஆனாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

"போன் இல்லாமல் முந்தி வாழவில்லையா?" என்று இலங்கையின் வன்னியில் கேட்பதில் பொருளில்லை. 2009இல் போர் முடியும்வரை இங்கே பெரும் பகுதியில் கைத்தொலைபேசி இருக்கவில்லை. அது யாரும் விரும்பித் தேர்ந்த வாழ்க்கையும் அல்ல. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்த சனத்துக்கு, ஒரு அழைப்பின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே போன் வேண்டுமா வேண்டாமா என்பதை விட்டுவிடலாம். எந்த வேலைக்கு, யார் கையில், எந்தப் போன் என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் சிம்மைப் பார்ப்போம். இரகசிய எண் குறுஞ்செய்தியாக வருகிறதென்றால், வங்கியில் பதிந்த இலக்கத்தின் சிம் எந்தப் போனில் இருந்தாலும் அது வரும். வாட்ஸ்அப்புக்கும் அந்த சிம் ரச் போனுக்குள் இருக்கவேண்டியதில்லை. செயலியை நிறுவும்போது வரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் பட்டன் போனில் வாங்கி ரச் போனில் அடித்தால் போதும். பிறகு வைபையிலோ வேறு சிம்மின் டேட்டாவிலோ அது ஓடும். உடனேயே இரண்டு படிச் சரிபார்ப்பு இலக்கத்தையும் போட்டுவிடுங்கள். 120 நாள் தொடர்ந்து பாவிக்காவிட்டால் வாட்ஸ்அப் கணக்கு அழிக்கப்படலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

அடிக்கடி இடறும் இடம் சிம்மின் பெயர்ப்பதிவு. மச்சானின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மைப் பத்து வருசம் பாவித்திருப்பார்கள். மச்சான் கனடா போய்விட்டார். போன் வாய்க்காலில் விழுந்து சிம்மும் போனால், அதே இலக்கத்தை மறுபடி எடுக்கப் பதிவில் உள்ளவர்தான் அடையாள அட்டையோடு போகவேண்டும். அதுவரை இரகசிய எண் வராமல் போன்வழி வங்கி வேலையும் முடங்கிக் கிடக்கும். பதிவில் உள்ளவர் ஊரில் இருக்கும்போதே இருவருமாக சிம் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். போன் வாங்கிய அன்றே *#06# அடித்து வரும் 15 இலக்க அடையாள எண்ணைக் கொப்பியில் எழுதி வையுங்கள். களவு போனால் பொலிஸ் முறைப்பாட்டில் அதைத்தான் கேட்பார்கள்.

அடுத்தது பற்றரி. "புதுப் போன், பின்னேரத்துக்குள்ளே செத்துப்போகுது" என்று காட்டோரக் கிராமங்களிலிருந்து கொண்டுவரும் போன்களில் பலவற்றில் பற்றரிக்கு ஒரு குறையும் இருக்காது. கோபுரம் தூரத்தில் இருந்தால் போன் தன் சிக்னல் அனுப்பும் வலுவைக் கூட்டிக்கொள்ளும். 900 மெகாஹேட்ஸ் 2ஜி அழைப்பில் அது 2 வாட் வரை போகலாம். 4ஜியில் உச்சம் 0.2 வாட் அளவுதான். அதோடு, கவரேஜ் அறுந்து அறுந்து வரும் இடத்தில் போன் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். டேட்டா போட்டிருந்தால் பின்னணியில் ஓடும் செயலிகளும் சேர்ந்து இழுக்கும். 5000 மில்லி அம்பியர் மணி பற்றரி ஒரு பகலில் முடிய இது போதும். சுமார் 1000 உள்ள பட்டன் போன் நாட்கணக்கில் தாங்குவதற்குக் காரணம், தின்ன அதற்குள் எதுவும் இல்லை. வயலுக்குப் போகும்போது டேட்டாவை நிறுத்துங்கள். சிக்னலே இல்லாத துண்டில் விமானப் பயன்முறையில் போட்டு, மேட்டுக்கு வந்து திறவுங்கள்.

வயலின் இரவுக் காவலில்தான் இது உயிர்ப் பிரச்சினை ஆகிறது. பரணில் இருப்பவருக்கு அந்த ஒரு போன்தான் பாட்டு, வீடியோ, வெளிச்சம் எல்லாம். சாமம் ஒரு மணிக்கு யானை இறங்கும்போது, அல்லது வரம்பில் பாம்பு தீண்டும்போது, அது அணைந்து கிடக்கிறது. போனின் வெளிச்சம் அருகில் பரவுமே தவிரத் தூரத்துக்குப் பாயாது. வரம்பில் நடக்கத் தனி ரோச் லைற் வேண்டும், காலில் சப்பாத்து வேண்டும். பட்டன் போன் மடியில் அழைப்புக்கென்றே இருக்கட்டும்.

பாம்பு தீண்டினால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். காசு இல்லாத சேவை. வீட்டு இலக்கம் சொல்லிப் பயனில்லை. பிரதான வீதி, திரும்பும் சந்தி, அருகிலுள்ள பள்ளிக்கூடம் அல்லது கோயில், குளத்தின் எந்தப் பக்கம் என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். சாரதி வழி கேட்டுத் திருப்பி எடுப்பார். அந்த நேரம் சொந்தக்காரருக்கெல்லாம் அழைத்து லைனைப் பிடித்துவைத்திருந்தால் அவருக்குக் கிடைக்காது. தீண்டிய இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். ஆளை அசையாமல் வைத்திருங்கள். சந்திக்கு ஒருவர் ரோச்சோடு போய் நிற்கட்டும்.

வெள்ளத்தில் நிலைமை வேறு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தாழ்நிலங்கள் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் போனால் கோபுரம் தன் பற்றரியில் சில மணித்தியாலம்தான் நிற்கும். பாதை தடைப்பட்டு ஜெனரேற்றருக்கு எண்ணெய் போகாவிட்டால் கையில் எந்தப் போன் இருந்தும் ஒன்றுதான். அதனால் ஐப்பசி பிறக்கும்போதே வீட்டில் ஒரு சிறிய வானொலியும் அதற்கு இரண்டு சோடிப் பற்றரியும் வாங்கி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இடி முழங்கும்போது சார்ஜில் செருகிய போனில் கதைக்கவேண்டாம். ஆபத்து கம்பி வழியாக வருவது, கழற்றிய போனால் அல்ல.

காசுக் கணக்கு சிறியதுதான். நாளொன்றுக்கு 50 ரூபாய் டேட்டா என்றால் வருசம் 18,250. கேட்காமலே ஏறிய பாட்டுச் சேவை, ராசிபலன் சேவை இருக்கிறதா என்று சேவை இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

எது உண்மையில் தேவை என்று அறிய ஒரு கிழமைக் கொப்பி போதும். போனை எடுக்கும்போதெல்லாம் ஒரு சொல் எழுதுங்கள்: வங்கி, மகன், வெட்டு மெசின், சும்மா. இரவில் அமைப்புகளில் உள்ள திரை நேரத்தைப் பக்கத்தில் குறியுங்கள். ஏழாம் நாள் "சும்மா" எத்தனை என்று எண்ணினால் விடை தானே கிடைக்கும். பல வீடுகளுக்குப் பொருந்தும் ஒழுங்கு இதுதான்: வீட்டுக்கு ஒரு ரச் போன், விறாந்தையில் ஓரிடத்தில், வெளியே போகிறவர் ஒவ்வொருவருக்கும் பட்டன் போன். வெளிநாட்டு அழைப்புக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பகல் பன்னிரண்டரை, ரொறன்ரோவில் காலை ஏழரை. வகுப்புக் குழுவை அந்த வீட்டுப் போனிலேயே பொழுதுபடப் பாருங்கள். பயிற்சித் தாளை அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளை போனைக் கையில் எடுக்கத் தேவை வராது.

இருக்கிற போனைக் காப்பாற்றவும் இரண்டு சொல். நெல்லுச் சூடடிக்கும் காலத்தில் சார்ஜ் துளைக்குள் தூசி இறுகிவிடும்; போனை அணைத்து, காய்ந்த ஈர்க்கால் மெதுவாகக் கிண்டி எடுங்கள், ஊசி வேண்டாம். நனைந்த போனை அரிசிக்குள் போடுவதில் பயனில்லை, தவிடுதான் உள்ளே போகும். வீங்கிய பற்றரியை அமுக்காமல், குத்தாமல், அடுப்படியிலிருந்து தள்ளி வைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அம்மம்மாவின் பட்டன் போனில் 2, 3, 4 விசைகளுக்கு மகள், பக்கத்து வீடு, ஓட்டோக்காரர் என்று பதிந்துகொடுங்கள். விசையை அமுக்கிப் பிடித்தால் அழைப்புப் போகும். அதே இலக்கங்களைக் கடதாசியிலும் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மாரி ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.