டிஸ்லெக்சியான்னா ‘மெல்லக் கற்றல்’ இல்லீங்க

போன வாரம் இன்னொரு தடவை கேட்டாச்சு. அக்கா பையன் நாலாவது படிக்கிறான், பேரன்ட்ஸ் மீட்டிங்ல அவங்க மிஸ் டிஸ்லெக்சியா (எழுத்தைப் பார்த்து வாசிக்கிறதுல வர்ற சிரமம்) மாதிரி இருக்குன்னு சரியாத்தான் ஆரம்பிச்சாங்க, அடுத்த வரியிலயே “அதாங்க, தமிழ்ல மெல்லக் கற்போர்னு சொல்வோமே”ன்னு முடிச்சுட்டாங்க. அக்கா வீட்டுக்கு வந்து ஒரே அழுகை, “எம்புள்ள மக்காடா?”ன்னு.

சொல்லோட பூர்வீகம் பெருசா ஒண்ணும் இல்ல. கிரேக்கத்துல டிஸ்னா சிரமம், லெக்சிஸ்னா சொல். 1880கள்ல ருடால்ஃப் பெர்லின்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் வச்ச பேரு. வேகம், மந்தம்னு அர்த்தம் வர்ற எதுவும் அதுக்குள்ள இல்லவே இல்ல.

அப்புறம் ‘மெல்ல’ எங்கேருந்து வந்துச்சு? அது ஸ்லோ லேர்னர்ங்கிற வேற ஒரு சொல்லோட தமிழ். பொதுவாவே எல்லாப் பாடத்துலயும் பின்தங்குற பிள்ளைகளைச் சொல்றது. டிஸ்லெக்சியாங்கிறது புத்திக் கொறை கிடையாது, எழுத்தை ஒலியா மாத்துற இடத்துலதான் முக்கியமா சிக்கல். 1896ல பிரிங்கிள் மார்கன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் பெர்சிங்கிற 14 வயசுப் பையனைப் பத்தி எழுதினார், சொந்தப் பேரையே எழுத்து மாத்தி எழுதின பையன், ஆனா எல்லாத்தையும் வாயாலயே சொல்லிக்குடுத்தா பள்ளிக்கூடத்துலயே இவன்தான் கெட்டிக்காரன்னு அவனோட வாத்தியார் அப்பவே சொல்லியிருக்கார். எங்க பையனும் அப்படித்தான். செடி எப்படி சாப்பாடு தயாரிக்குதுன்னு கேட்டா கோர்வையா சொல்வான், ‘கொடி’ன்னு எழுதிக்காட்டுனா கொம்பை மட்டும் ‘க’வோட சேர்த்துட்டு, துணைக்காலை ரகரமா நெனச்சு “கெ... ர... டி”ம்பான். அவனுக்குத் தேவை இன்னும் மெதுவாச் சொல்லிக்குடுக்கிறது இல்ல, வேற மாதிரி சொல்லிக்குடுக்கிறது.

இது வெறும் சொல் சண்டையும் இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகையில ஒண்ணான ‘ஸ்பெசிஃபிக் லேர்னிங் டிசெபிலிட்டி’க்குக் கீழ டிஸ்லெக்சியா வருது, மெல்லக் கற்போர் வரல. சான்றிதழ் வாங்கினாத்தான் பரீட்சையில கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு எல்லாம் கேக்க முடியும். தப்பான சொல்லைக் கேட்ட அம்மா அப்பா “சரி, மெதுவா வந்துடுவான்”னு டியூஷன் மாத்திக்கிட்டே இருப்பாங்க, டிஸ்லெக்சியாதானான்னு பார்க்கிற அசெஸ்மென்ட்டுக்குக் கூட்டிட்டே போக மாட்டாங்க, வருஷம்தான் போகும்.

சரி, சட்டத்துல இருக்கிற அந்த வகையைத் தமிழ்ல சொல்றப்போ வர்ற ‘கற்றல் குறைபாடு’? மெல்லவை விட எவ்வளவோ தேவலை, ஆனா அதுல எனக்கு ரெண்டு வருத்தம். ஒண்ணு, கற்றல்னா எல்லாமே அடங்கிடுது, இவனுக்கோ வாசிப்புல மட்டும்தான் பிரச்சினை. இன்னொண்ணு, ஊனமுற்றோர்னு சொல்றதை விட்டு மாற்றுத்திறனாளிக்கு வந்த நாம பிள்ளைங்க விஷயத்துல மட்டும் ஏன் குறையைத் தூக்கி முன்னாடி வைக்கிறோம்?

நான் சொல்றது ‘வாசிப்புத் தடுமாற்றம்’. தட்டுத்தடுமாறி வாசிக்கிறான்னு எங்க பாட்டி காலத்துலேருந்து இருக்கிற பேச்சுதானே! அகராதியைப் புரட்டவே வேணாம். எழுதறதுல சிக்கல்னா எழுத்துத் தடுமாற்றம், கணக்குல சிக்கல்னா கணக்குத் தடுமாற்றம், எது எங்க இடிக்குதுன்னு சொல்லே காட்டிக்குடுத்துடும். ஆரம்பத்துல எல்லாப் பிள்ளையும் தடுமாறும்தானேன்னு ஒரு டீச்சர் கேட்டாங்க, நியாயமான கேள்வி. மத்த பிள்ளைக்கு அது பழகப் பழகப் போயிடும், இவங்களுக்கு எவ்வளவு பழகினாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும், அதனாலதான் அதுக்குன்னு ஒரு பேர் வேண்டியிருக்கு.

டீச்சர்களுக்கான கையேடு மொழிபெயர்க்கிறவங்களைத்தான் கெஞ்சிக் கேக்கணும். ரெண்டு ஆங்கிலச் சொல்லைப் பக்கத்துல பக்கத்துல பார்த்தா ரெண்டுக்கும் ஒரே தமிழைப் போட்டுட்டுப் போயிடாதீங்க. அதை வாசிக்கிற டீச்சர் அதையேதான் ஒரு அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லப்போறாங்க.

அக்காகிட்ட இந்தச் சொல்லைச் சொன்னேன். நேத்து மாமியார் விசாரிச்சப்போ, “வாசிக்கத் தடுமாறுறான் அத்தை, படிச்சுக்காட்டினா எல்லாம் பிடிச்சுக்கறான்”னு நிதானமா பதில் சொல்லிக்கிட்டு இருந்தா. வர்ற திங்கக்கிழமை அசெஸ்மென்ட்டுக்கு நேரம் வாங்கியிருக்கோம்.