கரண்ட் போன மழை இரவில் கீழ்த்தட்டு பம்ப் ஓட வேண்டுமென்றால்

மலையகத்தில் கரண்ட் போவதும் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன. காற்றோடு மழை பிடித்தால் எங்காவது ஒரு யூகலிப்டஸ் கிளை கம்பியில் விழுகிறது, ஊரே இருட்டாகிறது. கீழ்த்தட்டுக்கு வரும் தண்ணீரைச் சேர்த்து இறைக்க வெட்டிய சம்ப் குழியிலுள்ள பம்புக்கு அதிக வேலை இருப்பதும் அந்த நேரத்தில்தான். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, வயரிங் வேலைக்குப் போகும் இடங்களில் எல்லாம் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மண் வெட்டிக் கட்டிய வீடுகள், ரோட்டு மட்டத்துக்குக் கீழே ஒரு தட்டு இறங்கிய வீடுகள், டவுன் கடைகளின் பின்பக்க ஸ்டோர் அறைகள் என்று இந்தப் பிரச்சினை உள்ள இடங்கள் நம் பக்கம் ஏராளம்.

"இன்வர்ட்டரும் பெட்டரி ஒன்னும் போட்டா போதும்தானே அண்ணே?" என்பதுதான் வழக்கமான கேள்வி. போதுமா இல்லையா என்பதை உங்கள் குழிக்கு வரும் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். பெட்டரி கடைக்காரரால் அதைச் சொல்ல முடியாது, குழியைப் பார்க்காமல் என்னாலும் முடியாது.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். நல்ல மழை பெய்யும் நாளில் பம்பைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, ஒரு நிமிடத்தில் குழியில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு கம்பை விட்டுப் பார்த்தால் போதும். குழி 60 சென்ரிமீற்றருக்கு 60 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 சென்ரிமீற்றர் ஏறினால் 36 லீற்றர் வருகிறது. இந்த ஒரு எண் கையில் இருந்தால் மற்றக் கணக்கெல்லாம் தானாக வரும்.

அடுத்து, அந்த 36 லீற்றரைக் குறைக்கப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்த பல வீடுகளில் குழிக்குள் வருவதில் பெரும்பகுதி நிலத்தடி ஊற்று இல்லை, அந்த வீட்டுக் கூரைத் தண்ணீர்தான். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். கூரைப் பீலி உடைந்து பின்சுவர் ஓரமாக அவ்வளவும் ஊற்றினால், எந்தப் பம்பும் எந்தப் பெட்டரியும் பாவம்தான். பீலியைச் சரிசெய்து, வீட்டுக்கு மேலே உள்ள கானை மண்ணும் இலையும் எடுத்துச் சுத்தம் செய்தால் வரத்து பாதியாகக் குறையலாம். வரத்து பாதியானால் வாங்க வேண்டிய பெட்டரியும் பாதிதான். இன்னொன்று, நாம் இருப்பது சரிவில். கீழ்த்தட்டுக்கும் கீழே தாழ்வான பக்கம் ஒன்று இருக்கிறதா, அங்கே இருக்கும் கானுக்கு ஒரு பைப்பைச் சரிவாக இறக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியுமென்றால் பம்பே வேண்டாம். பக்கத்துக் கட்டடமோ ரோட்டோ மறித்து நிற்கும் இடங்களுக்குத்தான் சம்ப் குழி.

சரி, குழி வேண்டும், பம்பும் ஓட வேண்டும் என்றால் கணக்குக்கு வருவோம். கரண்ட் பில்லில் வரும் யூனிட்டையே அளவாக வைத்துக்கொள்ளலாம், 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 12 வோல்ட், 100 ஏ.எச். (அம்பியர் மணி) பெட்டரி ஒன்றில் இருப்பது 1.2 யூனிட். சாதாரண ஈய அமில பெட்டரி என்றால் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் ஆயுள் போய்விடும். இன்வர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் கையில் மிஞ்சுவது அரை யூனிட் அளவு. அரை எச்.பி. பம்ப் ஒன்று சுமார் 600 வாட் இழுக்கும். நிற்காமல் ஓடினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மூன்று நிமிடத்துக்கு ஒரு நிமிடம் ஓடுகிறது என்றால் இரண்டு, இரண்டரை மணி நேரம். இன்வர்ட்டர் சும்மா இருக்கும்போதும் 20, 30 வாட் தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குக் கரண்ட் போனால் ஒன்பதரைக்குப் பெட்டரி படுத்துவிடும். வாங்கியவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

இப்போது கடைகளில் வரும் லிதியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரிகளில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை பயன்படுத்தலாம். 51.2 வோல்ட், 100 ஏ.எச். பெட்டரியில் 5 யூனிட் இருக்கும், கைக்கு 4 யூனிட்டாவது வரும். மேலே சொன்ன அதே பம்பை, மூன்று நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்ற அதே கணக்கில், அது பதினாறு மணி நேரம் போல ஓட்டும். ஓர் இரவு முழுவதும் தாண்டி, மறுநாள் காலையும் போகும். விலை கூடத்தான். ஆனால் கீழ்த்தட்டில் அரிசி மூட்டையோ தையல் மெஷினோ இருக்கிறவர் அதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

பம்ப் ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியை யாரும் யோசிப்பதில்லை. மோட்டர் சுற்றத் தொடங்கும்போது வழக்கத்தைவிட மூன்றிலிருந்து ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும். ஹட்டனில் ஒரு கடையின் ஸ்டோரில் இதைச் சோதித்துக் காட்டினேன். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் ஏறினால் பம்பைப் போட்டுவிடும் மிதவை எழும்பியது, பம்ப் 'ம்ம்' என்று முனகியது, இன்வர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. மீற்றரை வைத்துப் பார்த்தால், 12.5 வோல்ட் காட்டிய பெட்டரி அந்த நொடியில் 10க்குக் கீழே விழுந்தது. பெட்டரி முனையில் பச்சை பூத்த அழுக்கு, விரல் மொத்தம் இருக்க வேண்டிய வயருக்குப் பதிலாக வீட்டு பிளக் பொயின்ட்டுக்கு இழுக்கும் மெல்லிய வயர். தொட்டால் சுட்டது. "மூனு வருஷமா லைட்டு, டீவி எல்லாம் நல்லாத்தானே ஓடுது தம்பி" என்றார் முதலாளி. லைட்டுக்கு அது போதும். 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50, 60 அம்பியர் ஓடுகிறது. அதற்கு 25 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத கேபிள் வேண்டும், நீளம் முடிந்தவரை குறுகியதாக, பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைத்து.

இன்வர்ட்டர் 'ப்யூர் சைன் வேவ்' வகையாக, அதாவது லைன் கரண்ட் போலவே சீரான அலையாகக் கரண்ட் தருவதாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் மற்ற வகையில் மோட்டர் சூடாகும், இரைச்சல் போடும், சீக்கிரம் எரியும். பம்பையும் சற்றுச் சிறியதாக எடுக்கலாம். நிமிடத்துக்கு 36 லீற்றர் வரத்துக்கு, நான்கு மீற்றர் உயரத்துக்கு 50 லீற்றர் ஏற்றக்கூடிய 250 வாட் பம்ப் போதும். செலவாகும் மொத்த யூனிட் இதனால் பெரிதாகக் குறையாது. ஆனால் ஸ்டார்ட்டிங் இழுப்பு பாதிக்கும் குறைவு, இன்வர்ட்டர் சிறியது போதும், ஈய அமில பெட்டரியும் மெதுவாக உறிஞ்சினால் கூடுதல் நேரம் தரும்.

கூரையில் சோலார் இருப்பவர்கள் தங்களுக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். மிஞ்சும் கரண்ட்டை லைனுக்குக் கொடுக்கும் நெட் மீற்றரிங் முறையில் போட்ட சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷொக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் கரண்ட் போனது பட்டப்பகலில். பனல் இருந்த வீடுகளும் அன்று இருட்டில்தான் இருந்தன. பெட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வர்ட்டர் இருந்தால் மட்டுமே கதை வேறு.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஊரில் கரண்ட் இல்லை என்பதால் உங்கள் கீழ்த்தட்டில் கரண்ட் இல்லை என்று ஆகாது. இன்வர்ட்டர் 230 வோல்ட்டை அங்கே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. இருட்டில், தண்ணீர் நிற்கும் அறைக்குள் "கரண்ட்தான் போயிருச்சே" என்று கால் வைக்கிறவர் உயிரோடு விளையாடுகிறார். முதலில் இன்வர்ட்டரை நிறுத்த வேண்டும், பிறகுதான் இறங்க வேண்டும். பம்ப் லைனுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். இன்வர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் சரியாக இணைந்திருக்காவிட்டால் அந்த ட்ரிப் சுவிட்ச் விழாமலே போகலாம். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது, வயரிங் செய்தவரை மீற்றரோடு வந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்வர்ட்டர் கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போகாதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். பிளக் பொயின்ட்டில் இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தூணில் ஏறி வேலை செய்கிற மனிதரின் உயிர் அதில் இருக்கிறது. பெட்டரியை மேல்தட்டில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஈய அமில பெட்டரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வெளிவரும், சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இறைக்கும் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? பைப்பைச் சும்மா சரிவில் விட்டால், அந்த மண் ஊறி கீழே இருக்கிற லயத்தின் மேல் இறங்கலாம். ஒழுங்காகக் கட்டிய கான் வரை பைப்பைக் கொண்டுபோங்கள். பம்ப் ஓடுகிறதே என்ற தைரியத்தில் மழைக்குள் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். பம்ப் குழித் தண்ணீரைத்தான் இறைக்கும், மண்சரிவை நிறுத்தாது. தெளிவாக வந்த தண்ணீர் திடீரெனச் சேறாக மாறினாலோ, வழக்கமாக வரும் ஊற்று சட்டென்று நின்றாலோ, பின்சுவர் வயிறு தள்ளினாலோ, தரையில் வெடிப்பு கண்டாலோ பம்பையும் பெட்டரியையும் அப்படியே விட்டுவிட்டு வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை முதல் கட்டத்துக்கு வந்துவிடும். 150 தாண்டினால் வெளியேற வேண்டிய கட்டம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

டித்வாவின்போது பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் வரவில்லை, ரோட்டும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்கு வீட்டு பெட்டரி எதுவும் தாங்காது. சிறிய ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக் கதவு ஜன்னலைவிட்டுத் தள்ளி, மழை படாத வெளியிடத்தில் வைத்துப் பெட்டரியைச் சார்ஜ் செய்யலாம். வீட்டுக்குள் ஒருபோதும் ஓட்டக் கூடாது, அதன் புகையில் உள்ள நெடியில்லாத கார்பன் மொனொக்சைட் வாயு தெரியாமலே ஆளைக் கொல்லும். ஜெனரேட்டர் இல்லாதவர்கள் பெட்டரி தாங்கும் நேரத்துக்குள் சாமான்களை மேலே ஏற்றிவிடுவது நல்லது.

ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் இருப்பவர்கள் ஏப்ரல் கடைசியிலும், பதுளை, பசறைப் பக்கம் இருப்பவர்கள் செப்டெம்பர் கடைசியிலும் ஒருமுறை மெயினை நிறுத்தி, குழியில் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரமாவது பம்பைப் பெட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். மிதவை குழிச் சுவரில் சிக்குகிறதா, அடியில் செம்மண் படிந்திருக்கிறதா என்று அப்போதே தெரியும். அந்தச் சோதனையை வீட்டு ஆண்கள் மட்டும் செய்ய வேண்டாம். மழை இரவில் வீட்டில் இருக்கப்போவது அம்மாவும் பிள்ளைகளும்தான் என்றால், எந்த சுவிட்ச் எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டி, அவர்கள் கையாலேயே ஒருமுறை போட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.