டோன் போயம்: தொனிக்கவிதையா, பல்லியக் கவிதையா?

ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிக்கார்டு ஸ்ட்ராஸின் 'மேக்பெத்' (ஓபஸ் 23, அதாவது படைப்பு எண் 23) ஏறக்குறைய 20 நிமிடம் ஒரே வீச்சில் ஓடும். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகம்தான் கரு. ஆனால் பாடகர் இல்லை, மேடை இல்லை, ஒரு சொல்கூட ஒலிப்பதில்லை, எல்லாம் ஆர்கெஸ்ட்ராதான், பல கருவிகள் சேர்ந்த இசைக்குழு. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் டோன் போயம் என்று பெயர்; தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. இதே நாடகத்தை வைத்து இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 1847-இல் ஆக்கியது ஓபரா, மேடையில் பாடி நடிப்பது. இரண்டையும் 'இசை நாடகம்' என்று ஒரே பெயரில் எழுதுவது பிழை.

ஆங்கிலச் சொல் ஜெர்மானிய 'டோன்டிஷ்டுங்' என்பதன் பெயர்ப்பு. ஸ்ட்ராஸுக்கு முன்பே இசையமைப்பாளர் லிஸ்ட், 1854-இல் ஜெர்மனியின் வைமாரில் தம் 'தாசோ'வை 'சிம்பொனிக் கவிதை' என்று அறிவித்திருந்தார். ஸ்ட்ராஸ் வேறு சொல்லை எடுத்துக்கொண்டார். 'டோன்' என்றால் சுரம், ஒலி; மூலமான கிரேக்கச் சொல்லுக்கு இழுத்துக் கட்டிய விறைப்பு என்று பொருள். 'டிஷ்டுங்' கவிதை மட்டுமல்ல, நாடகமும் அதில் அடங்கும்.

நாடகக் கதை காட்சி காட்சியாக வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. மேக்பெத்துக்கு ஒரு கரு இசை, அவன் மனைவிக்கு ஒன்று. அவளுடையது தொடங்கும் இடத்தில், கணவனை விரைந்து வரச் சொல்லும் அவளது வரிகளையே ஸ்ட்ராஸ் இசையேட்டில் எழுதியிருக்கிறார். முதல் வடிவம், நாடகத்தில் மேக்பெத்தைக் கொல்லும் மேக்டஃபின் வெற்றி நடையோடு முடிந்தது. மேக்பெத்தின் பெயரைத் தாங்கிய படைப்பு மேக்டஃபின் வெற்றியில் முடிவதா என்று இசைக்குழு நடத்துநர் ஹான்ஸ் ஃபோன் பியூலோ மறுத்தார். ஸ்ட்ராஸ் முடிவை மாற்றினார்.

இனித் தமிழ்ச் சொல். 'தொனிக்கவிதை' ஓசையளவில் நெருக்கம், பொருளில் தூரம்: "அவர் பேச்சின் தொனி சரியில்லை" என்கிறோமே, தமிழில் தொனி அந்தக் குறிப்புப் பொருளுக்குப் போய்விட்டது. 'இசைக்கவிதை', 'இசைப்பா' இரண்டும் பாடும் சொற்களை நினைவூட்டும், திருவிசைப்பா இருக்கிறதே. சொல்லே இல்லாத ஒன்றுக்கு அது பொருந்தாது.

'பல்லியக் கவிதை' என்பதே என் தேர்வு. இயம் என்றால் இசைக்கருவி; பல்லியம் என்றால் பல இசைக்கருவிகள். திருமுருகாற்றுப்படை முருகனைக் 'குழலன் கோட்டன் குறும்பல் லியத்தன்' என்கிறது. பல் + இயம் என்று பிரிக்காமல் 'பல்லி' என்று வாசிப்போர் இருப்பார்கள்; முதல் இடத்தில் 'டோன் போயம் எனும் பல்லியக் கவிதை' என்று சேர்த்தெழுதினால் போதும். ஓரிடத்தில் மட்டும் இது இடிக்கும்: இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் 'ஒளியுற்ற இரவு' (1899) இதே வகைதான், ஆனால் வாசிப்பவை ஆறே நரம்புக் கருவிகள்.