மைக்கைக் கண்டதும் மூச்சு எங்கே போகிறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் குரல், பேச்சுச் சிகிச்சை செய்கிறேன். போன வருஷம், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரைத் தமிழில் வரவேற்க வேண்டுமாம்.

"அக்கா, காவடி அன்னிக்கு நான் போடுற அரோகரா ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேக்கும். மைக்கைக் கண்டாத்தான் தொண்டை அடைக்குது" என்றார்.

கொண்டுவந்த தாளைப் படிக்கச் சொன்னேன். தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். இங்கே நம்மில் பலருக்கு அதுதான் பழக்கம். லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுவது தனிக்கதை. வாயைத் திறக்குமுன்பே தோள் காதுவரை ஏறிவிட்டது. ஐந்தாறு சொல்லில் காற்று தீர்ந்தது. மிச்ச வரியைத் தொண்டையைப் பிதுக்கி முடித்தார்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும். வாய் உலரும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். வெளியே போகிற காற்றில் தொண்டைக்குள் இருக்கும் குரல்நாண்கள் அதிர்வதுதான் குரல். ஆணுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 120 தடவை, பெண்ணுக்குச் சுமார் 200. காற்று போதாவிட்டால் கழுத்துத் தசைகள் இறுகிக்கொண்டு உதவிக்கு வரும், குரல் கீச்சிடும். "தைரியமாப் பேசு" என்று முதுகில் தட்டினால் இது போகாது.

விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து, தோளை அசைக்காமல் மூச்சிழுத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராக விடச் சொன்னேன். முதல் நாள் ஆறு நொடி. இரண்டு வாரத்தில் பதினைந்தைத் தாண்டினார். பிறகு பென்சிலால் அவர் தாளில் கோடு போட்டோம், பொருள் முடிகிற இடங்களில் மட்டும். கோடு வந்தால் நிற்கணும், மூச்சு வாங்கணும். நிற்கிற அந்த ஒரு நொடி அவருக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது. போனில் பதிவு செய்து போட்டுக் காட்டிய பிறகுதான் அது ஒரு நொடிதான் என்று நம்பினார்.

பம்பாய்க் கோர்ட்டில் 30 ரூபாய் வழக்கு ஒன்றில் எழுந்து நின்று, தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவர் காந்தி. அவரே எழுதியிருக்கிறார். தம் முதல் பொதுப்பேச்சு என்று அவர் சொல்வது 1893இல் இதே நாட்டில், பிரிட்டோரியாவில், வியாபாரத்தில் உண்மை என்பது பற்றி இந்திய வணிகர்களிடம் பேசியது. விஷயத்தைத் தயார் செய்துகொண்டே போனாராம். பேச்சுக்கு முந்தின ராத்திரி எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன், பலன் குறைவு.

இன்னொன்று, மேடையில் குடிக்கும் தண்ணீர் வாய்க்குத்தான். குரல்நாணைத் தொடாமல் உணவுக்குழாயில் இறங்கிவிடும். குரலுக்கு வேண்டுமானால் காலையிலிருந்தே குடிக்கணும். செருமவும் வேண்டாம், நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்படும். எச்சிலை விழுங்கினால் போதும்.

கல்யாணத்துக்கு மறுநாள் போன் செய்தார். மூன்றாவது கோட்டில் நிற்க மறந்து, காற்றுத் தீர்ந்து திணறினாராம். நின்று, மூச்சு வாங்கி, அந்த வரியையே மறுபடி முதலிலிருந்து படித்தாராம்.