தரையில் நெல், தாளில் தரிசு

வெள்ளம் வடிந்த வயலில் அழுகிய சம்பாப் பயிரைக் கையில் பிடித்தபடி நின்றார் ஒரு பெரியவர். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பயிர்க் கணக்கான அடங்கலில் அவருடைய சர்வே எண்ணுக்கு நேரே 'தரிசு' என்று இருந்தது. போன வருஷத்துப் பதிவையே பார்த்து எழுதியிருந்தார்கள், வயலுக்கு யாரும் வரவில்லை. பயிரே இல்லாத நிலத்துக்கு நிவாரணம் எப்படி என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிலத்தின் மேல் இருப்பது நிலப்போர்வை: நெல், கருவேலம், தண்ணீர், வெறும் மண். அந்த நிலத்தை எதற்கு வைத்திருக்கிறோம் என்பது நிலப்பயன்பாடு. அறுப்பு முடிந்த வயல் செயற்கைக்கோள் படத்தில் வெறும் மண்ணாகத் தெரியும், ஆனாலும் அது விவசாய நிலம்தான். பட்டாவில் உள்ள நஞ்சை, புஞ்சை இந்த இரண்டிலும் சேராது. அது பாசனத்தைப் பார்த்துத் தீர்வை போடுவதற்காக எப்போதோ பிரித்தது.

இந்தக் குழப்பத்தில்தான் ஆட்களை அலையவிடுகிறார்கள். போர் தண்ணீரில் நெல் நட்டவரிடம், "புஞ்சையில் எப்படி நெல் வரும்?" என்று கேட்பார்கள். விடாதீர்கள். அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. தரையில் நிற்கும் பயிரைத்தான் அதில் எழுத வேண்டும், பட்டாவில் உள்ள வகைப்பாட்டை அல்ல.

பயிர் நிற்கும்போதே அடங்கலை வாங்கிவிடுங்கள். வாங்கியதும் பசலியை, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டை, பாருங்கள். பசலி ஜூலை 1-ல் மாறும், பழைய பசலி அடங்கல் காப்பீட்டுக்கு உதவாது. அப்புறம் உட்பிரிவு எண், பயிர், பரப்பு. பரப்பு ஹெக்டேரில் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 40 ஏர்ஸ், அதாவது 0.40 ஹெக்டேர். காப்பீட்டு விண்ணப்பத்தில் அடங்கலை விடக் கூடுதலாகப் போட்டால் அங்கேயே சிக்கல்.

அரசு நிவாரணத்துக்கு 33 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி வயலுக்கு ஏற்படும் சேதம் பற்றி 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.

குத்தகைக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பட்டா உரிமையாளர் பெயரில் இருக்கும், பணமும் அவர் கணக்குக்கே போய்விடும். சாகுபடி செய்பவர் நீங்கள் என்பது அடங்கலில் இருக்கிறதா என்று விதைத்த மாதமே பாருங்கள்.

தவறாக எழுதியிருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். "சரி, பார்க்கிறேன்" என்பதோடு முடிந்துவிடும். தேதியும் இடமும் பதிவாகும் போட்டோவோடு தாசில்தாருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு முறை கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம், ஆனால் அதற்குள் அறுப்பு முடிந்து வயல் வெறும் மண்ணாகிவிடும். அந்தப் போட்டோவைத் தவிர வேறு சாட்சி இருக்காது.