ஒரு நாள் நான்கு நிமிடம், ஒரு நாள் ஒன்பது

கோவையை அடுத்த சோமனூர் பக்கம் என் மாமா கூலிக்குத் தறி ஓட்டுகிறார். தறிக்கூடத்தின் ஓரத்தில் தடுத்த சின்ன அறையில் ஒரு லேப்டாப் இருக்கிறது. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) வந்த கணக்கு, துணி போன கணக்கு, இ-வே பில், ஜிஎஸ்டி எல்லாம் அதில்தான். வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் பட்டனை அமுக்கிவிட்டு, நாலு தறிக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தால்தான் அது வேலைக்கு ஆகும்.

"மாப்ள, இதுக்கு வயசாயிப் போச்சு. ஒரு நாளைக்கு நாலு நிமிசத்துல வந்துருது, ஒரு நாளைக்கு ஒம்போது நிமிசம் இழுக்குது. புதுசா ஒண்ணு வாங்கிப் போடலாமா?" என்றார்.

"இருங்க மாமா, பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்னை உறுத்தியது அந்த நான்கும் ஒன்பதும்தான். வயதுதான் காரணம் என்றால் எல்லா நாளும் ஒரே மாதிரி மெதுவாகத்தானே இருக்க வேண்டும்? தவிர, லேப்டாப்பில் எல்லாப் பாகத்துக்கும் வயதாவதில்லை. கணக்குப் போடும் பிராசஸரும் தற்காலிக நினைவகமான ரேமும் வாங்கிய நாளில் என்ன வேகமோ, சூடேறாத வரைக்கும் இன்றும் அதே வேகம்தான். தேய்வது நகரும் பாகங்களும் ரசாயனம் இருக்கிற பாகங்களும்: ஹார்ட் டிஸ்க், ஃபேன், பேட்டரி, பிராசஸர் மேல் தடவிய வெப்பப் பசை.

கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எழுந்திருப்பது ஒரே வேலை அல்ல. முதலில் மதர்போர்டில் (எல்லாப் பாகத்தையும் இணைக்கும் பலகை) இருக்கும் பயாஸ் என்ற சின்ன நிரல் கீபோர்டு, ரேம், டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று தலை எண்ணும். அப்புறம் விண்டோஸின் மையமான கருப்பகுதி (கெர்னல்) ரேமுக்கு வரும். அதன்பின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் நிரல்களான டிரைவர்கள், பின்னணிச் சேவைகள், கடைசியாக நாம் எப்போதோ ஏற்றி மறந்துபோன நிரல்கள். முதல் கட்டத்துக்கு ஆன நேரத்தை விண்டோஸே குறித்து வைக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் வரும் டாஸ்க் மேனேஜரில், ஸ்டார்ட்அப் பக்கத்தின் வலது மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று இருக்கும். மாமாவின் லேப்டாப்பில் 14 வினாடி. பாஸ்வேர்டு கேட்கும் திரை வரச் சுமார் மூன்று நிமிடம். மீதி நேரமெல்லாம் பாஸ்வேர்டு போட்ட பிறகுதான் போகிறது.

அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜர் காட்டியதைப் பாருங்கள். சிபியு, அதாவது பிராசஸர், 12 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். ஆனால் அந்த நூறு சதவீத உழைப்பில் டிஸ்க் கொடுத்துக்கொண்டிருந்தது வினாடிக்கு ஒரு எம்பிக்கும் குறைவு. இதே டிஸ்க்கிலிருந்து ஒரு பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாகப் படித்தால் வினாடிக்கு நூறு எம்பி வரும்.

நூல் குடோனில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே லாட்டில் நூறு மூட்டை கேட்டால் லாரியைப் பின்னால் விட்டு மளமளவென்று ஏற்றிவிடலாம். நூறு ரகத்தில் ரகத்துக்கு ஒரு கோன் (நூல் சுற்றிய கூம்பு) கேட்டால்? எடை கொஞ்சம்தான், ஆனால் ஆள் நடந்தே செத்துப்போவான். ஹார்ட் டிஸ்க்குக்கும் அதே கதை. உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. படிக்கும் தலையைத் தாங்கிய ஒரு கை, தட்டின் மேல் உள்ளும் வெளியும் போய்வருகிறது. கை சரியான தடத்துக்குப் போகச் சராசரியாக 12 மில்லி வினாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே சுழன்று வரும்வரை காத்திருக்க இன்னும் ஐந்தரை. ஆக ஒரு துண்டுக்குப் பதினேழு, பதினெட்டு மில்லி வினாடி. வினாடிக்கு அறுபது துண்டுகூட வராது. துண்டுக்கு 4 கேபி என்றால் வினாடிக்குக் கால் எம்பிதான். விண்டோஸ் எழும்போது பத்தாயிரம் இடத்தில் கைவைக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், கை நடப்பதற்கு மட்டும் மூன்று நிமிடம். நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் ஒரு துண்டுக்குச் சுமார் 0.1 மில்லி வினாடி. அதே பத்தாயிரமும் ஒரு வினாடியில் முடியும்.

(டிஸ்க்கும் அவ்வளவு அசடு அல்ல. கேட்ட வரிசையில் போகாமல், போகிற வழியில் இருப்பதை முதலில் எடுக்கும். விண்டோஸும் தேவைப்படுவதை முன்கூட்டியே ஊகித்துப் படித்து வைக்கும். அதனால் நிலைமை என் கணக்கைவிடக் கொஞ்சம் தேவலை.)

1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவு 4 எம்பிகூட இல்லை. கை ஓர் இடம் தேடிப் போகச் சராசரியாக 600 மில்லி வினாடி. மாமாவின் 500 ஜிபி டிஸ்க்கில் கொள்ளளவு அதைப்போல லட்சம் மடங்குக்கு மேல். கையின் வேகமோ ஐம்பது மடங்குதான் கூடியிருக்கிறது. குடோனைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம், நடக்கிற ஆள் ஓர் ஆள்தான்.

சரி, நான்கும் ஒன்பதும்? விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்களைத்தான் அது மூடும். கருப்பகுதியும் டிரைவர்களும் ரேமில் இருந்த நிலையை அப்படியே ஒரே கோப்பாக டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்கும். மறுநாள் அந்த ஒரு கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தால் போதும்: ஒரே லாட், லாரி லோடு. ஆனால் மாமாவின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சாயங்காலம் கரண்ட் போனால் லேப்டாப்பும் பொத்தென்று அணையும். அந்தக் கோப்பு எழுதப்படாது. மறுநாள் காலை எல்லாவற்றையும் கோன் கோனாகப் பொறுக்க வேண்டும், சில நாள் டிஸ்க் சரிபார்ப்பும் சேர்ந்துகொள்ளும். கரண்ட் போன மறுநாள்தான் ஒன்பதா என்று கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாங் மாப்ள, அதுவுஞ் செரிதான்" என்றார்.

ஒரு விஷயம்: 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் இந்தக் குறுக்குவழி கிடையாது, முழுதாக எழும். நேரம் அளப்பதென்றால் அதைக் கொடுத்து அளப்பதே சரி.

தறி ஓடும்போது ஒரு முறை, மத்தியானம் தறி நின்றபோது ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தேன். ஓடும்போது ஒன்பதை ஒட்டி. நின்றபோது ஏழே முக்கால். ஒரு தடவை பார்த்ததை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் காரணம் இருக்கிறது. டிஸ்க்கின் ஒரு தடம் நூறு நானோமீட்டர் அகலம்கூட இருக்காது. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பல நூறு தடம் அடங்கும். மேஜை அதிர்ந்தால் தலை தடத்தை விட்டு விலகும். விலகினால் அந்த இடம் மறுபடி சுற்றி வர 11 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று கத்தி, அந்தக் கத்தலுக்கே டிஸ்க்குகள் தாமதிப்பதை வரைபடத்தில் காட்டினார். நான்கு விசைத்தறிக்குப் பக்கத்தில் அந்த மனுஷன் குரல் எம்மாத்திரம்.

அப்புறம் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஸ்மார்ட் என்பார்கள், அதைப் படித்துக் காட்ட இலவச நிரல்கள் உண்டு. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். இதில் 24. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், வினாடிக்கணக்கில். அதுவரை மற்ற எல்லாம் வரிசையில் நிற்கும். இந்த எண்ணைப் பார்த்த பிறகு வேகத்தைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, முதலில் கணக்கையெல்லாம் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். இந்த நிலையில், சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டிஃப்ராக் ஓட்டுவது நொண்டியை ஓடச் சொல்வது மாதிரி.

பழைய டிஸ்க்கைக் கழற்றி அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா இணைப்பு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். பின்பக்கத்தைத் திறந்தபோது ஃபேன் வாயில் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருந்தது. தறிக்கூடத்தில் இருந்தால் வேறு எப்படி இருக்கும்? சூடு மீறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் எழும்போது சிபியு 12 சதவீதத்தில் சும்மா கிடந்ததால், தாமதத்துக்கு இது பெரிய காரணம் இல்லை. இருந்தாலும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டேன். பேட்டரியும் மாற்றியாயிற்று.

இப்போது பட்டனிலிருந்து பில் போடும் வரை 40 வினாடி, தறி ஓடினாலும் நின்றாலும். அதில் 14 வினாடி அந்த முதல் கட்டம். அது மட்டும் மாறவே இல்லை. பார்த்தால் பக்கத்தில் எப்போதும் ஒரு பென்டிரைவ் செருகியே கிடக்கிறது. எழுந்ததும் அதில் விண்டோஸ் இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டுத்தான் மதர்போர்டு எஸ்எஸ்டிக்கு வருகிறது. பிடுங்கினேன்; முதல் கட்டம் 9 வினாடி ஆயிற்று.