கிளாம் டிஸ்கோ: வேரும் பொருளும் தமிழ் வடிவமும்

நியூயார்க்கைச் சேர்ந்த சிசர் சிஸ்டர்ஸ் என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பம், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2004 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியானது. அவ்வாண்டு அந்நாட்டில் மிகுதியாக விற்ற ஆல்பம் அதுவே. அதன் இசைக்கு வழங்கும் வகைப்பெயர்களுள் மிகப் பொருந்துவது ‘கிளாம் டிஸ்கோ’. இந்தத் தொடரைத் தமிழில் ‘கவர்ச்சி நடன இசை’ என்று எழுதிவிட்டால் இரண்டு சொற்களின் பொருளும் கைவிட்டுப் போகின்றன. கிளாம் என்பது நாம் கவர்ச்சி என்று சொல்வதன்று. டிஸ்கோ என்பது பிறப்பால் நடனத்தைக் குறித்த சொல்லுமன்று.

‘கிளாம்’ என்பது ‘கிளாமர்’ என்பதன் குறுக்கம். கிளாமர் என்ற சொல், இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்ற சொல்லின் ஸ்காட்லாந்து நாட்டுப்புற உச்சரிப்பிலிருந்து பிறந்தது என்பதை முதன்முறை அறிபவர்கள் நம்பத் தயங்குவார்கள். கிராமருக்கு மூலம் எழுத்தைக் குறிக்கும் ‘கிரம்மா’ என்ற கிரேக்கச் சொல். அதற்கும் மூலம் ‘எழுது’ என்று பொருள்படும் வினை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த இடைக்கால ஐரோப்பாவில், கிராமர் என்றாலே நூற்கல்வி முழுவதையும் குறித்தது. நூற்கல்வி உடையவனுக்கு மந்திரமும் தெரிந்திருக்கும் என்று பாமர மக்கள் நம்பியதால், மந்திர வித்தையும் அச்சொல்லின் பொருளுக்குள் சேர்ந்துகொண்டது. பிரெஞ்சில் மந்திர நூலைக் குறிக்கும் ‘கிரிம்வார்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஆலன் ராம்சே, பேய்களும் சூனியக்காரர்களும் பார்ப்பவர் கண்ணை ஏமாற்றுவதையே ‘கிளாமர் போடுதல்’ என்கிறார்கள் என்று விளக்கம் எழுதினார். பின்னர் வால்டர் ஸ்காட்டின் படைப்புகள் வழியாக அச்சொல் ஆங்கில உலகம் முழுவதும் பரவியது.

ராம்சே சொல்லும் இந்த முதற்பொருளுக்குத் தமிழில் ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது: கண்கட்டு. உள்ளதை மறைத்து இல்லாததைக் காட்டும் வித்தையைக் கண்கட்டு வித்தை என்கிறோம். இலக்கணமும் அழகும் ஒரே சொல்லிலிருந்து கிளைப்பதும் தமிழருக்குப் புதிதன்று. ‘லட்சணமான முகம்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். அந்த லட்சணமும் மொழி நூலைக் குறிக்கும் இலக்கணமும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள் என்பது பெரும்பான்மைக் கருத்து. ‘இலக்கு’ என்ற தமிழ் வேரிலிருந்து இலக்கணத்தை விளக்கும் தனித்தமிழ் அறிஞர்களும் உண்டு. எப்படியாயினும், லட்சணம் என்பது இயல்பாக அமைந்த அழகு. கிளாமர் என்பது செய்து காட்டும் அழகு. இந்த வேறுபாட்டை இங்கே பிடித்துக்கொள்வது இன்றியமையாதது, ஏனெனில் இசையில் ‘கிளாம்’ என்ற சொல் வந்து அமர்ந்த இடம் இதுதான்.

எழுதுதல் என்ற வினை ஒப்பனையைத் தொடுவதையும் தமிழில் காணலாம். மை தீட்டுவதைக் கண் எழுதுதல் என்பது பழைய வழக்கு. “எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்” என்று தொடங்கும் 1285ஆம் குறள், கண்ணுக்கு மை எழுதும்போது அக்கண்ணே மைக்கோலைக் காண்பதில்லை என்பதை உவமையாக வைத்து, காதலனைக் கண்ட இடத்தில் அவன் குற்றம் தெரிவதில்லை என்கிறது. கிரேக்கத்தில் எழுது என்ற வினை பல நூற்றாண்டுகள் சுற்றி வந்து அடைந்த பொருளைத் தமிழ் வினை நேராகவே தொட்டுவிட்டது.

மந்திரப் பொருள் தேய்ந்து, 20ஆம் நூற்றாண்டில் ஹாலிவுட் நடிகர் நடிகையரின் பளபளப்பைக் குறிக்கும் சொல்லாகக் கிளாமர் மாறியது. இசைக்கு அது வந்தது 1970களின் தொடக்கத்தில். 1971இல் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே ஜிகினாப் பொடி மின்ன பிபிசி தொலைக்காட்சியில் பாடியதைக் கிளாம் ராக்கின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். 1972இல் டேவிட் போவி, ஜிகி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாத்திரமாகவே மேடை ஏறினார். செந்நிற முடி, உடலோடு ஒட்டிய வண்ண உடை, ஆணென்றும் பெண்ணென்றும் வரையறுக்க இயலாத தோற்றம். அதுவரை ராக் இசைக்கலைஞர்கள் கசங்கிய ஜீன்ஸில் நின்று ‘நாங்கள் உங்களைப் போன்றவர்களே’ என்று காட்டிக்கொண்டிருந்த காலம். கிளாம் கலைஞர்களோ, தாங்கள் வேடம் கட்டியிருப்பதை மறைக்கவே இல்லை. பார்ப்பவரும் அது வேடம் என்று அறிந்தே மயங்கினார்கள். அமெரிக்காவில் இதற்கு ‘கிளிட்டர் ராக்’ என்ற பெயரும் வழங்கியது.

இனி, தமிழ்ச் சொல். ‘கவர்ச்சி’ நல்ல சொல்தான். ஆனால் நமது திரைப்பட இதழ்கள் அதைப் பல பத்தாண்டுகளாக நடிகையரின் அரைகுறை ஆடைக்கே ஒதுக்கிவிட்டதால், ஆணும் பெண்ணும் சேர்ந்து மினுங்கும் கிளாமுக்கு அது இனி உதவாது. ‘பகட்டு’ என்பதில் உள்ளீடற்ற ஆடம்பரம் என்ற குறை தொக்கி நிற்கிறது. ‘ஒப்பனை’ பொருளுக்கு மிக நெருங்கியது, ஆயினும் எல்லா நாடக மேடைக்கும் எல்லாத் திருமண மண்டபத்துக்கும் பொதுவானது. ஜிகினாவின் ஒளி அதில் இல்லை. என் தேர்வு ‘மினுக்கு’. மின் என்ற வேரிலிருந்து வந்து, துலக்கி ஒளிவிடச் செய்தலையும் தன்னை அலங்கரித்துக் காட்டுதலையும் ஒருங்கே குறிக்கும் சொல் இது. கதகளியில் ஒரு வேட வகைக்கே இப்பெயர் உண்டு. ‘மினுக்கிக்கொண்டு திரிகிறான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிக்கும் தொனி இதில் இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. கிளாம் கலைஞர்களும் அதே கண்டிப்பைத் தங்கள் ஊரில் கேட்டவர்கள்தான். அதற்குப் பணியாமல் மேடையேறியதே அவர்களுடைய சிறப்பு.

‘டிஸ்கோ’வின் பாதை வேறு. எறிதல் என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த ‘டிஸ்கோஸ்’ என்பது விளையாட்டு வீரன் எறியும் வட்டைக் குறித்தது. அது லத்தீனில் ‘டிஸ்கஸ்’ ஆகி, உணவுத் தட்டுக்கும் தட்டையான வட்டப் பொருள்களுக்கும் பெயராகி, ஆங்கிலத்தில் டிஷ், டிஸ்க், டெஸ்க் என்று மூன்று வழிகளில் பிரிந்தது. ஒலிப்பதிவுத் தொழில் வந்தபோது பிரெஞ்சில் இசைத்தட்டை ‘டிஸ்க்’ என்றார்கள்; நூலகத்தைக் குறிக்கும் ‘பிப்லியோதெக்’ என்ற சொல்லைப் பின்பற்றி, இசைத்தட்டுகள் சேர்த்து வைக்கும் இடத்துக்கு ‘டிஸ்கோதெக்’ என்று பெயரிட்டார்கள். பின்பாதியான ‘தெக்’ பேழை என்ற பொருளுடைய கிரேக்கச் சொல். ஆக, டிஸ்கோதெக் என்பதன் நேர்ப்பொருள் இசைத்தட்டுப் பேழை. அதில் ஆட்டத்துக்கு இடமே இல்லை.

ஆட்டம் சேர்ந்தது பாரிஸ் இரவு விடுதிகளில். மேடையில் இசைக்குழுவை அமர்த்தாமல், இசைத்தட்டுகளைச் சுழலவிட்டே மக்களை ஆடவைத்த விடுதிகளுக்கு டிஸ்கோதெக் என்ற பெயர் நிலைத்து, 1960களில் அமெரிக்காவுக்குச் சென்று ‘டிஸ்கோ’ என்று சுருங்கியது. 1970இல் டேவிட் மான்குசோ நியூயார்க்கில் தம் இருப்பிடமான ‘லாஃப்ட்’டில் தொடங்கிய விருந்துகளும், அவற்றைத் தொடர்ந்து எழுந்த விடுதிகளும், கறுப்பினத்தவர்க்கும் லத்தீன் அமெரிக்க வழியினர்க்கும் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கும் அச்சமின்றிக் கூடி ஆடும் இடங்களாயின. அங்கே சுழன்ற தட்டுகளின் இசைக்கு இடத்தின் பெயரே வகைப்பெயராயிற்று. அதன் அடையாளம் எளிதில் காதில் பிடிபடும்: நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பெரிய முரசு தவறாமல் விழும், இரண்டு அடிகளுக்கு நடுவே சிறு கைத்தாளம் போன்ற இரட்டைத் தகடு திறந்து ‘திஸ்’ என்று ஒலிக்கும், வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி இருக்கும்.

இந்த இசையின்மீது எழுந்த வெறுப்பையும் சொல் விளக்கத்தில் சேர்த்தாக வேண்டும், ஏனெனில் பிற்காலத்தில் டிஸ்கோ என்ற சொல் பழித்தொனி பெற்றது அதனால்தான். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில், வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் முன்னின்று நடத்திய நிகழ்ச்சியில், ராக் ரசிகர்கள் கொண்டுவந்து குவித்த டிஸ்கோ தட்டுகள் ஆடுகளத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் களத்தில் புகுந்ததால் அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே நடைபெறவில்லை. தகர்க்கப்பட்டவை தட்டுகள் மட்டுமல்ல என்பதை, அவை யாருடைய தட்டுகள் என்று அறிந்தவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

இந்தியர் காதுக்கு டிஸ்கோ பெரும்பாலும் திரைப்படம் வழியாகவே வந்தது. பப்பி லஹிரி இசையமைத்த இந்திப் படமான ‘டிஸ்கோ டான்ஸர்’ 1982இல் வெளியாகி, ஆனந்த்பாபு நடிக்க ‘பாடும் வானம்பாடி’ என்று 1985இல் தமிழுக்கும் வந்தது. ஆகவே தமிழில் டிஸ்கோ என்றதும் மின்னும் உடையும் ஆட்டமுமே நினைவுக்கு வருகின்றன; தட்டு நினைவுக்கு வருவதில்லை. ஆனால் தட்டைக் குறிக்கத் தமிழில் சொல் வளம் மிகுதி. கிரேக்க டிஸ்கோஸுக்கு நிகர் ‘வட்டு’; பள்ளி விளையாட்டு விழாவில் வட்டு எறிதல் என்றே சொல்கிறோம். குறுந்தகட்டைக் குறுவட்டு என்று தமிழகத்திலும் இறுவட்டு என்று ஈழத்திலும் எழுதுகிறார்கள். உண்ணும் தட்டுக்கும் சுழலும் இசைத்தட்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியதன்மூலம், ஆங்கிலம் இரண்டாகப் பிரித்த உறவைத் தமிழ் ஒன்றாகவே வைத்திருக்கிறது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இசைத்தட்டு என்ற சொல்லின் இனிமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வட்டு, ஆடல் ஆகிய இரண்டையும் சேர்த்து டிஸ்கோவுக்கு ‘வட்டாடல்’ என்று பெயர் படைக்கலாமே என்று தோன்றும். அது கூடாது. “அரங்கின்றி வட்டாடி யற்றே” என்று 401ஆம் குறளிலேயே அச்சொல் வேறு பொருளில், கட்டம் வரைந்து காய் உருட்டும் ஆட்டத்துக்கு வழங்கிவிட்டது. இசை வகைகளின் பெயர்கள் ராகப் பெயர்களைப் போலத் தனிப்பெயர்கள் என்பதால், ஜாஸ், புளூஸ், ராக் ஆகியவற்றை விட்டுவைத்தது போல டிஸ்கோவையும் அப்படியே வைத்துக்கொள்வதே முறை. இடத்தைக் குறிக்கும் டிஸ்கோதெக்கை மட்டும் ‘இசைத்தட்டு ஆடலகம்’ என்று பெயர்க்கலாம். கிளாம் டிஸ்கோ அப்போது ‘மினுக்கு டிஸ்கோ’ ஆகும். இது வினைத்தொகையாகவும் நிற்கும்: மினுக்கிய டிஸ்கோ, மினுக்குகின்ற டிஸ்கோ, மினுக்கும் டிஸ்கோ என்று முக்காலமும் அதில் அடங்கும். 1970களின் ஒளியை 2004இல் ஏற்றிய ஓர் ஆல்பத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது!

அந்த ஆல்பத்தில் இவ்விரு சொற்களும் எப்படிச் சேர்கின்றன என்பதை ஒரு பாடலில் கேட்டாலே போதும். ‘கம்ஃபர்டப்லி நம்’ என்பது பிங்க் ஃப்ளாய்ட் குழு 1979இல், அதாவது சிகாகோவில் தட்டுகள் வெடித்த அதே ஆண்டில், வெளியிட்ட மெதுவான, கனத்த ராக் பாடல்; டேவிட் கில்மரின் நீண்ட கிதார் தனி வாசிப்பால் ராக் ரசிகர்களின் வழிபாட்டுக்குரியதாக ஆனது. சிசர் சிஸ்டர்ஸ் அதை டிஸ்கோவின் நான்கடிக்கு மாற்றினார்கள். குழுவின் பாடகர் ஜேக் ஷியர்ஸ் அதை நம் இசையில் கள்ளக்குரல் என்று சொல்லப்படும் உச்சத் தொனியில், பீ ஜீஸ் குழுவினரை நினைவூட்டும்படி பாடினார்; கிதார் தனி வாசிப்பு அடியோடு நீக்கப்பட்டது. மரத்துப்போன ஒருவனின் தனிமைப் புலம்பல், ஆடுகளத்தில் கூட்டத்தின் நடுவே ஒலிக்கும் குரலாக மாறிற்று. சொற்களை மாற்றாமல் உடுப்பை மாற்றியதாலேயே பாடலின் பொருள் மாறுகிறது. மினுக்கு என்பதன் முழு ஆற்றலும் இதுதான். பிரிட்டனில் முதல் பத்துக்குள் நுழைந்த அப்பாடல், சிறந்த நடனப் பதிவுக்கான கிராமி பரிந்துரையையும் பெற்றது. ‘டேக் யுவர் மாமா’ பாடலில் எல்டன் ஜானின் 1970களைப் போன்ற பியானோ துள்ள, தன்பாலீர்ப்பைத் தாயிடம் சொல்லிவிட்ட மகன் அவரைத் தன் இரவுலகுக்கு அழைத்துச் செல்கிறான். அழைப்பில் வெட்கமோ மன்னிப்புக் கேட்கும் தொனியோ இல்லை. 2005இல் இக்குழு பிரிட்டனின் பிரிட் இசை விருதுகளில் அயல்நாட்டுக் குழு, அயல்நாட்டு ஆல்பம், அயல்நாட்டுப் புதுவரவு என்ற மூன்றையும் பெற்றது. பேபிடாடி, ஆனா மாட்ரானிக், டெல் மார்க்விஸ், பேடி பூம் என்று குழுவினர் சூடிக்கொண்ட பெயர்களும் ஒப்பனையின் பகுதியே.

எஞ்சியிருப்பது ‘ஆல்பம்’. வெண்மை என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்து, ரோமில் அறிவிப்புகள் எழுதிய வெள்ளைப் பலகையைக் குறித்து, பிற்காலத்தில் படங்கள் ஒட்டும் ஏட்டுக்குப் பெயரானது. நிமிடத்துக்கு 78 சுழற்சி கொண்ட இசைத்தட்டுகள் பலவற்றை ஏடுபோல் தைத்த உறைகளில் விற்றபோது அதற்கும் ஆல்பம் என்றார்கள். 1948இல் எல்பி எனப்படும் நெடுந்தட்டு வந்து எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய பின்னும் பெயர் மாறவில்லை. தமிழில் ‘இசைத்தொகுப்பு’ வழக்கில் வேரூன்றிவிட்டது, அதுவே போதும். பல காலப் பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்த வெளியீட்டை மட்டும், தனிப்பாடல் திரட்டு என்ற மரபையொட்டி, ‘இசைத்திரட்டு’ என்று பிரித்து எழுதுவது நல்லது. முதல் வெளியீட்டை ‘அறிமுக ஆல்பம்’ என்பதைவிட ‘முதல் இசைத்தொகுப்பு’ என்று எழுதுவதே தெளிவு. சிசர் சிஸ்டர்ஸ் 2002இலேயே தனிப்பாடல் தட்டு வெளியிட்டு நியூயார்க் விடுதிகளுக்கு அறிமுகமாகியிருந்தார்கள்.